கோளறிவியல் ஆய்வில் காலூன்றுவது எப்படி: தரவு முதலில், அறிவிப்பு பிறகு

கோளறிவியலில் ஆய்வு செய்ய விரும்பும் முதுகலை மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "ஏதாவது அறிவிப்பு வந்திருக்கிறதா?" அறிவிப்புகளுக்குக் குறைவே இல்லை. இஸ்ரோவும் நாசாவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்றுக்கு முன்மொழிவு கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் அறிவிப்புக்குச் சில வார அவகாசமே தரப்படுகிறது. ஆனால் அதற்கு நம்பத்தகுந்த முன்மொழிவு எழுதத் தேவையான தொடக்க முடிவுகளைக் கையில் சேர்க்க ஆறு மாதமாவது ஆகும். எனவே அறிவிப்பைப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குகிறவர் எப்போதும் பிந்தித்தான் வந்து சேர்கிறார். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. தரவில் தொடங்கி ஒரு சிறு முடிவை எட்டுவது, அதை இரண்டு பக்க ஆய்வுச்சுருக்கமாக எழுதுவது, அதன் பிறகு நெறியாளரையும் பணத்தையும் மாதிரிக்கற்களையும் தேடுவது என்பதே இங்கே சொல்லப்படும் முறை.

தரவு எங்கே கிடக்கிறது

சந்திரயான் திட்டங்களின் இயக்குநர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பது தமிழ்நாட்டில் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். அந்தக் கலன்கள் அனுப்பிய தரவை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம் என்பது நிலவியல் (ஜியாலஜி) துறைப் பேராசிரியர்கள் பலருக்கே தெரியாது.

சந்திரயான்-2 விண்கலம் 2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்டது. தரையிறங்கும் முயற்சி தோல்வியடைந்தாலும், அதன் சுற்றுக்கலன் நிலவிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் எட்டு கருவிகளோடு சுற்றத் தொடங்கியது. பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் இயங்கும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் அந்தத் தரவைப் 'பிரதான்' என்ற தன் தளத்தில் வெளியிடுகிறது. பெயர், மின்னஞ்சல், நிறுவனம் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் போதும். சந்திரயான்-3 தரவும் 2024 ஆகஸ்ட் 23 அன்று, முதல் தேசிய விண்வெளி நாளில், பொதுவில் வைக்கப்பட்டது. நாசாவின் கோள் தரவு அமைப்பு இதைவிடப் பழையது, பெரியது. கற்களும் நிலப்பரப்பும் பற்றிய தரவு ஒரு பல்கலைக்கழகத்தில், வளிமண்டலத் தரவு இன்னொன்றில், சிறுகோள் தரவு மற்றொன்றில் என்று பல கிளைகளாக அது பிரிந்து கிடக்கிறது. சந்திரயான்-1இல் பயணித்து, நிலவின் மேற்பரப்பில் ஹைட்ராக்ஸிலும் நீரும் இருப்பதை 2009இல் காட்டிய நாசாவின் கனிம வரைபடக் கருவியின் தரவும் அங்கேதான் இருக்கிறது.

எட்டு கருவிகளில் எதை எடுப்பது என்பது முதல் முடிவு. தொடங்குகிறவர்கள், தரையின் மேடுபள்ளங்களைப் படமாக்கும் நிலவுருவப் படக்கருவியை எடுப்பது நல்லது என்பது என் கருத்து. அது ஒரு புள்ளிக்கு (பிக்சலுக்கு) 5 மீட்டர் தெளிவோடு, முன்னோக்கியும் நேர் கீழாகவும் பின்னோக்கியும் மூன்று கோணங்களில் படம் எடுக்கிறது. அந்த மூன்றிலிருந்து கணித்த, ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் தரும் உயர மாதிரியும் படத்தோடு கிடைக்கிறது. கால் மீட்டர் அளவுக்குத் தெளிவு தரும் உயர்நுட்பப் படக்கருவி கண்ணைக் கவரும். ஆனால் அது நிலவின் சிறு பகுதிகளையே படம் பிடித்திருக்கிறது. நமக்கு வேண்டிய இடம் அதில் இல்லாமல் போகலாம். அகச்சிவப்பு நிறமாலைக் கருவி 0.8 முதல் 5 மைக்ரான் வரை அலைநீளம் உள்ள ஒளியை அளக்கிறது, கனிமவியல் தெரிந்தவர்களுக்கு அது புதையல். ஆனாலும் 2 மைக்ரானைத் தாண்டினால் நிலவுத் தரையின் சொந்த வெப்பமே ஒளியாகக் கலந்துவிடும். அந்த வெப்பப் பங்கைச் சரியாகக் கழிக்காமல் நீர் ஒளியை உறிஞ்சும் 3 மைக்ரான் பட்டையைப் பார்த்து "நீர் இருக்கிறது", "நீர் இல்லை" என்று எழுதியவர்கள் பின்னால் வருந்த நேர்ந்திருக்கிறது. முதல் வேலையாக அதில் கை வைக்க வேண்டாம்.

ஒரு பள்ளத்தை அளந்து பார்ப்போம்

இறக்கிய தொகுப்பைப் பிரித்தால் படக் கோப்பு, முன்னோட்டப் படம், புள்ளிகளின் அட்சரேகை–தீர்க்கரேகைப் பட்டியல், எக்ஸ்எம்எல் வடிவிலான விவரக் கோப்பு ஆகியவை தனித்தனி அடைவுகளில் இருக்கும். பெரும்பாலோர் படத்தைத் திறக்கிறார்கள். விவரக் கோப்பைத் திறப்பதில்லை. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். படம் எடுத்த நாள், நேரம், கலனின் உயரம், சூரியன் எந்தத் திசையில் எத்தனை பாகை உயரத்தில் இருந்தது என்ற விவரங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்துகொள்ளலாம். மென்பொருள் பூமியின் ஆரத்தை எடுத்துக்கொண்டுவிடாதபடி நிலவின் ஆரமான 1,737.4 கி.மீ. அமைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் அளந்த தொலைவுகள் அனைத்தும் பிழையாகிவிடும்.

இப்போது கிண்ணம் போன்ற ஒரு சிறு மோதல் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு 200 புள்ளிகள், அதாவது 1,000 மீட்டர். சூரியன் இருக்கும் பக்கத்து விளிம்பின் நிழல் பள்ளத்துக்குள் 80 புள்ளி நீளம், அதாவது 400 மீட்டர் விழுந்திருக்கிறது. விவரக் கோப்பு சூரியனின் உயரம் 20 பாகை என்கிறது. நிழல் நீளத்தை 20 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பான 0.364ஆல் பெருக்கினால் 146 மீட்டர் வருகிறது. விளிம்பிலிருந்து நிழலின் நுனி விழும் இடம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள். நுனி பள்ளத்தின் நடுவுக்கு 100 மீட்டர் முன்பே நின்றுவிட்டதால், நடுவின் ஆழம் இதைவிடச் சற்றே கூடுதலாக, 150 மீட்டரை ஒட்டி இருக்கும். ஆழத்தை விட்டத்தால் வகுத்தால் 0.15. நிலவில் அண்மைக் காலத்தில் உண்டான இவ்வகைச் சிறு பள்ளங்களில் இந்த விகிதம் 0.2ஐ ஒட்டியிருக்கும். ஆகவே நம் பள்ளம் பழையது. சரிவுகள் சரிந்தும், சிறுமோதல்கள் கிளப்பிய மண் நிரம்பியும் ஆழம் குறைந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் உண்மையான பயிற்சி. நிழலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு புள்ளி தவறினால் 10 மீட்டர் நீளம் மாறும். ஆழத்தில் அது 4 மீட்டருக்கும் குறைவு. சூரிய உயரத்தை 20க்குப் பதில் 21 பாகை என்று எடுத்துக்கொண்டால் ஆழம் 8 மீட்டர் மாறிவிடுகிறது. புள்ளிகளை எண்ணுவதில் மணிக்கணக்கில் கவனம் செலுத்துகிறவர்கள் கோணத்தை ஒரு நொடியில் நகலெடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே பள்ளத்தின் குறுக்கே உயர மாதிரியிலும் ஒரு வெட்டுக்கோடு எடுத்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவரும் பள்ளங்களை விட ஒத்துவராதவையே நமக்கு வேலை தருபவை. நிழல் விழுந்த தரையில் படங்களை ஒப்பிட்டு உயரம் கணிக்க முடியாமல் மாதிரி தடுமாறியிருக்கலாம், அல்லது பள்ளத்தின் அடி கிண்ணம் போல இல்லாமல் தட்டையாக இருக்கலாம். இப்படி நாற்பது பள்ளங்களை அளந்து, ஒத்துவராத பத்துப் பன்னிரண்டுக்குக் காரணம் தேடுவது மூன்று மாத வேலை. ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும்.

செவ்வாயில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. செவ்வாயைச் சுற்றும் நாசா கலனில் உள்ள ஹைரைஸ் படக்கருவியின் குழு, இந்த இடத்தைப் படமெடுங்கள் என்று பொதுமக்களே பரிந்துரைக்க ஒரு வழியை வைத்திருக்கிறது. காரணத்தை ஒழுங்காக எழுதினால் பரிசீலிக்கிறார்கள். படம் கிடைக்க ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால் இதை நம்பி ஆய்வேட்டைத் திட்டமிடக் கூடாது. கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

கருவிக்கு ஒரு வீடு உண்டு

ஒவ்வொரு கருவியும் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் பிறந்தது. அதை வடிவமைத்தவர்களும், அதன் தரவில் எந்த ஓரத்தில் எந்தக் கறை இருக்கிறது என்பதை அறிந்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சந்திரயான்-2இன் நிலவுருவப் படக்கருவி, உயர்நுட்பப் படக்கருவி, அகச்சிவப்பு நிறமாலைக் கருவி, ரேடார் ஆகியவை அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தைச் சேர்ந்தவை. நிலவுத் தரையின் தனிமங்களை எக்ஸ் கதிரால் அறியும் கருவி பெங்களூர் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவானது. சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் கருவியும், சந்திரயான்-3 ரோவரில் இருந்த ஆல்ஃபா துகள் எக்ஸ் கதிர் நிறமாலைக் கருவியும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை. நிலவின் மெல்லிய வளியை ஆராயும் கருவிக்கும், சந்திரயான்-3 தரையிறங்கியில் இருந்து மண்ணின் வெப்பத்தை அளந்த கருவிக்கும் திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் தாய்வீடு. எந்தத் தரவில் வேலை செய்கிறோமோ அந்த வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். எல்லா மையங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது வீண்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நல்ல மாணவர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். "சிறு வயதிலிருந்தே விண்வெளியில் பேரார்வம் கொண்டவன், தங்கள் மேலான வழிகாட்டலில் பணிபுரிய வாய்ப்புத் தந்தால் கடமைப்பட்டிருப்பேன்" என்ற கடிதம் ஒரு விஞ்ஞானிக்கு வாரந்தோறும் வருகிறது. அதற்குப் பதிலாக இப்படித் தொடங்கலாம்: "நிலவுருவப் படக்கருவியின் இன்ன நாள் படத்தில் நாற்பது பள்ளங்களின் ஆழத்தை நிழல் முறையிலும் உயர மாதிரியிலும் அளந்தேன். பன்னிரண்டு பள்ளங்களில் இரண்டு முறைகளின் விடைகளும் 15 மீட்டருக்கு மேல் வேறுபடுகின்றன. அவற்றில் ஒன்பது, படத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ளன. இது மாதிரியின் பிழையா, நான் செய்யும் பிழையா என்று அறிய விரும்புகிறேன். ஒரு பக்க அட்டவணையை இணைத்திருக்கிறேன்." இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் படிக்காமல் விடப்படாது. கேள்வி சிறியதாக, பதில் சொல்லக்கூடியதாக இருக்கிறது என்பதுதான் அதன் பலம். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் நச்சரிக்க வேண்டாம்.

இரண்டு பக்கம்

கோளறிவியலில் புதியவர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வாசல், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் கூடும் நிலவு–கோளறிவியல் மாநாடு. அப்பல்லோ-11 கொண்டுவந்த கற்களைப் பற்றி விவாதிக்க 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் கூடிய கூட்டம்தான் இதன் தொடக்கம். மற்ற துறைகளில் மாநாட்டுச் சுருக்கம் என்றால் முந்நூறு சொல். இங்கே படம், அட்டவணை, மேற்கோள்களோடு இரண்டு முழுப் பக்கம். அனுப்ப வேண்டிய கடைசி நாள் பொதுவாக ஜனவரித் தொடக்கத்தில் வரும். ஏற்கப்பட்ட சுருக்கங்கள் யாரும் படிக்கும்படி நிரந்தரமாக வைக்கப்படுகின்றன. ஆய்வுக் கட்டுரைகளிலும் மேற்கோள் காட்டப்படுகின்றன. பழைய ஆண்டுகளின் சுருக்கங்களைப் படிப்பது இத்துறையைக் கற்க மிக மலிவான வழி. பாடநூல்கள் முடிந்த முடிவுகளைச் சொல்கின்றன. இந்தச் சுருக்கங்களிலோ அரைகுறையாக நிற்கும் வேலையைப் பார்க்கலாம்.

எழுதும்போது பாதிப் பக்கத்தை "நிலவு பூமியின் ஒரே இயற்கைத் துணைக்கோள்" என்ற வகை முன்னுரைக்குக் கொடுத்துவிடாதீர்கள். படிப்பவர்களுக்கு அது தெரியும். முதல் பத்தியிலேயே கேள்வியும் அளந்த இடமும் வந்துவிட வேண்டும். இரண்டாவது, எந்தத் தரவு, எந்த நாள், எந்த மென்பொருள் என்பது. பிறர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நல்ல படம் போதும். அதில் அளவுகோலும் வடதிசையும் சூரியன் இருக்கும் திசையும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சூரியத் திசை குறிக்காத நிலவுப் படத்தில் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரிவது எல்லோருக்கும் நேர்வதுதான். கடைசிப் பத்தியில், எது இன்னும் விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். விளங்காததைச் சொல்கிறவரிடம்தான் பிறர் வந்து பேசுகிறார்கள்.

பயணச் செலவு கைக்கு எட்டாதது என்றால் உள்நாட்டிலேயே இந்தியக் கோளறிவியல் மாநாடு இருக்கிறது, ஆசிய–ஓசியானியப் புவி அறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமும் இருக்கிறது. இரண்டிலும் இஸ்ரோ மையங்களின் ஆய்வாளர்களை நேரில் பார்க்கலாம். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: "மதிப்புக்குரிய ஆய்வாளரே" என்று தொடங்கி, நீங்கள் எழுதாத கட்டுரையைப் புகழ்ந்து, மூன்று நாளில் கட்டணம் கட்டச் சொல்லும் மாநாட்டு அழைப்புகள் அனைத்தையும் குப்பையில் போடுங்கள். கட்டுரையாக விரிக்கும்போது இந்திய அறிவியல் கழகத்தின் புவி அமைப்பு அறிவியல் இதழும் கரண்ட் சயின்ஸும் தரமான உள்நாட்டு இடங்கள். சந்திரயான்-2 கருவிகளைப் பற்றிய விளக்கக் கட்டுரைகள் 2020இல் கரண்ட் சயின்ஸில்தான் வந்தன. வெளிநாட்டு இதழ்களில் இக்காரஸ் போன்றவற்றில் கட்டணமில்லாமல் வெளியிடும் வழி உண்டு. யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிடும் முழுவதும் திறந்த அணுகல் இதழ்கள் எழுதுகிறவரிடம் கேட்கும் தொகையை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பணமும் கையொப்பமும்

முனைவர் பட்ட இடத்துக்கு நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகளில் ஒன்றாவது வேண்டும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலைக்கு 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப்படி தனி. நிலவியல் மாணவர்கள் புவி அறிவியல் தாளையும் இயற்பியல் மாணவர்கள் இயற்பியல் தாளையும் எழுதலாம். கோளறிவியலுக்கென்று தனித் தாள் இல்லை என்பதால் மனம் தளர வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளும் ஆய்வகங்கள் இரண்டையும் ஏற்கின்றன. அதற்கு முந்தைய படியில் உள்ளவர்களுக்கு மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டம் நல்ல தொடக்கம். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து வேலை செய்யலாம்.

ஆசிரியர்களுக்கு இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் முக்கியமானது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் விண்வெளி சார்ந்த ஆய்வு செய்ய அது பணம் தருகிறது. நிரந்தரப் பணியில் உள்ள ஆசிரியர்தான் முதன்மை ஆய்வாளராக இருக்க முடியும் என்பதால், மாணவர் தன் துறைப் பேராசிரியரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. நான் அறிந்த ஒரு கல்லூரியில் முன்மொழிவு கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டது. நிறுவனத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தலைவர் வெளியூர். கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து திரும்பி வந்தபோது நாள் கடந்துவிட்டது. அன்று முதல் எந்த அறிவிப்பையும் நான் பின்னாலிருந்துதான் படிக்கிறேன். இணைப்புப் படிவங்கள், கையொப்பங்கள், தணிக்கைச் சான்றுகள் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டு அதன் பிறகு அறிவியலை எழுதுவது நம் நாட்டு நடைமுறைக்குப் பொருத்தமானது.

நாசாவின் ஆய்வு நிதி அறிவிப்புகள் 'ரோசஸ்' என்ற ஒரே பெருந்தொகுப்பாக ஆண்டுதோறும் வெளிவருகின்றன. அந்தப் பணம் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு வராது. இந்திய ஆய்வாளர் தன் செலவைத் தன் நாட்டில் பார்த்துக்கொண்டு கூட்டாளியாகச் சேரலாம், அவ்வளவே. இருந்தாலும் அந்தத் தொகுப்பைப் படிப்பது வீணல்ல; எந்தக் கேள்விகளுக்கு உலகம் அடுத்து விடை தேடப் போகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

கல் கேட்பது எப்படி

தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, கல் அப்படியல்ல. அப்பல்லோ பயணங்கள் 382 கிலோ நிலவுக் கற்களையும் மண்ணையும் கொண்டுவந்தன. ஜப்பானின் ஹயபுசா-2 கலன் ரியுகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது ஏறத்தாழ 5.4 கிராம். பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் வந்தது 121.6 கிராம். சீனாவின் சாங்'இ-5 கொண்டுவந்தது 1,731 கிராம், நிலவின் மறுபக்கத்திலிருந்து சாங்'இ-6 கொண்டுவந்தது 1,935.3 கிராம். இவை எல்லாவற்றுக்கும் முன்மொழிவு கொடுத்து மாதிரி கேட்கும் முறைகள் உள்ளன. சாங்'இ-5 மாதிரிகளைக் கடன் பெறும் ஆறு நாடுகளின் ஏழு நிறுவனங்களைச் சீனா 2025 ஏப்ரலில் அறிவித்தது.

மாதிரிக் குழுக்கள் பார்ப்பது இரண்டு செய்திகளை. இந்த ஆய்வகத்தால் மில்லிகிராம் கணக்கில் உள்ள துகளைத் தொலைக்காமல், கெடுக்காமல் கையாள முடியுமா? இந்தக் கேள்விக்கு விண்கல்லோ பூமிக் கல்லோ போதாதா? இரண்டாவது கேள்விக்கு நேர்மையாக "போதும்" என்று விடை வந்தால், விண்கல்லில் தொடங்குவதே முறை. அண்டார்டிக்காவில் 1976 முதல் அமெரிக்கக் குழுக்கள் பொறுக்கிச் சேர்த்த விண்கற்கள் ஆய்வாளர்களுக்குக் கடனாகத் தரப்படுகின்றன. இந்தியாவில் விழும் விண்கற்களுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காப்பாளர்.

பூமிக் கல் என்றால் தமிழ்நாட்டுக்காரர்கள் நெடுந்தொலைவு போக வேண்டாம். நிலவின் வெண்மையான மேட்டுநிலங்கள் அனார்த்தொசைட் என்ற கல்லால் ஆனவை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் கனிமம் நிறைந்த அதே வகைக் கல் தரைக்கு மேலேயே கிடக்கிறது. சந்திரயான் தரையிறங்கியையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ உருவாக்கிய செயற்கை நிலவுமண் இந்தக் கல்லை அரைத்துத்தான் செய்யப்பட்டது. சந்திரயான்-3 ரோவர் தன் பாதையில் 23 இடங்களில் அளந்த தனிம அளவுகளும் இரும்பு கலந்த அனார்த்தொசைட்டோடு ஒத்துப்போகின்றன என்ற முடிவு 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியானது.

எனவே சித்தம்பூண்டிக் கல்லில் பட்டுத் திரும்பும் ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் எதிரொளிப்பு நிறமாலை அளவீடு ஒரு முறையான கோளறிவியல் வேலை. பிளாஜியோகிளேஸ் படிகத்தில் சிறிதளவு இரும்பு புகுந்திருந்தால் 1.25 மைக்ரானை ஒட்டி, ஒளி உறிஞ்சப்பட்டதைக் காட்டும் ஒரு பள்ளம் நிறமாலையில் தெரியும். நிலவில் அதைக் காண்பதே தூய அனார்த்தொசைட்டுக்கான அடையாளம். கல்லைப் பொடித்து, வெவ்வேறு துகள் அளவுகளாகச் சலித்து, துகள் சிறுத்தால் அந்தப் பள்ளத்தின் ஆழம் எப்படி மாறுகிறது என்று அளந்து, அதை நிலவின் ஒரு குறிப்பிட்ட பகுதியின் நிறமாலையோடு ஒப்பிடலாம். களத்துக்குப் போகும்போது நில உரிமையாளரின் அனுமதி, ஒவ்வொரு கல்லுக்கும் இடக்குறிப்பு, வெயில் மழை பட்டுச் சிதைந்த மேல்தோலை நீக்கிய புதுமுகம் ஆகிய மூன்றும் கட்டாயம். மேல்தோலை அளந்துவிட்டு அதில் தெரியும் களிமண்ணின் நீர்ப் பட்டையை நிலவோடு ஒப்பிட்ட ஆய்வேட்டை நான் பார்த்திருக்கிறேன். வேறு வகை மாதிரி நிலம் வேண்டுமானால், எரிமலைப் பாறையில் 1.8 கி.மீ. விட்டத்தோடு அமைந்த மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளம் இருக்கிறது. இந்த எரிமலைப் பாறையான பசால்ட்டில் உண்டான மோதல் பள்ளங்கள் பூமியில் அரிது என்பதால் நிலவையும் செவ்வாயையும் ஆராய்கிறவர்கள் அங்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

நாட்காட்டியைப் பார்த்துத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்

முனைவர் பட்டம் ஐந்தாண்டு வேலை. இன்று செய்தியில் இருக்கும் கலனைப் பார்த்துத் தலைப்பை எடுத்தால், முடிக்கும்போது அந்தத் துறையில் நெரிசல் மிகுந்திருக்கும். பட்டம் முடியும் ஆண்டில் எந்தக் கலன் எங்கே சென்று சேரப் போகிறது என்று பார்ப்பது சாமர்த்தியம். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் கலன் 2030இலும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜூஸ் கலன் 2031இலும் வியாழனை அடையத் திட்டம். டிடிமோஸ் இரட்டைச் சிறுகோளை நோக்கி 2024 அக்டோபரில் புறப்பட்ட ஐரோப்பியக் கலன் ஹீரா 2026 இறுதியில் சேர வேண்டும். நம் நாட்டில், 2024 செப்டம்பர் 18 அன்று ஒரே நாளில் அமைச்சரவை இரண்டு திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. நிலவிலிருந்து மண்ணும் கல்லும் கொண்டுவரப் போகும் சந்திரயான்-4க்கு 2,104 கோடி ரூபாய், வெள்ளியைச் சுற்றப் போகும் கலனுக்கு 1,236 கோடி ரூபாய். வெள்ளிக் கலனை 2028 மார்ச்சில் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். விண்வெளித் திட்டங்களின் தேதிகள் தள்ளிப்போகும் என்பதை எப்போதும் கணக்கில் வைக்க வேண்டும்; ஆய்வேட்டின் மூன்றில் இரண்டு பங்காவது ஏற்கெனவே கையில் இருக்கும் தரவில் நிற்கட்டும்.

இந்தத் திட்டங்கள் இரண்டு ஆய்வுத் தேவைகளை முன்கூட்டியே உருவாக்கிவிட்டன. மண் வந்து சேரும்போது அதைக் கையாளத் தெரிந்த ஆட்கள் வேண்டும். எனவே விண்கல் வேதியியலும் நுண்மாதிரி ஆய்வும் கற்றவர்களுக்கு இடம் உண்டு. வெள்ளியைப் பற்றி இந்தியாவில் இதுவரை ஆராய்ந்தவர்கள் மிகக் குறைவு. 1990 முதல் 1992 வரை நாசாவின் மெகல்லன் கலன் எடுத்த வெள்ளியின் ரேடார் படங்கள் நாசாவின் தரவு அமைப்பில் இன்றும் கிடைக்கின்றன. ரேடார் படத்தில் வெண்மை என்பது ஒளியல்ல, கரடுமுரடு என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளவே சில மாதம் ஆகும். அந்தப் பழக்கத்தை இப்போதே தொடங்குகிறவர் இந்தியக் கலனின் ரேடார் தரவு வரும் நாளில் ஆயத்தமாக இருப்பார்.

தொலைநோக்கி பக்கம் சாய்கிறவர்களுக்கு ஒரு தேதி ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டது. 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் சிறுகோள் பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. தொலைவில், புவிநிலைச் செயற்கைக்கோள்களின் உயரத்துக்கும் உள்ளே கடந்து செல்லும். சிறுகோள் பார்ப்பதில் நமக்கு முன்கதை உண்டு: 1988இல் தமிழ்நாட்டின் காவலூர் வானோக்கு நிலையத்திலிருந்து ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த 4130 எண்ணுள்ள சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அபோபிஸ் கடக்கும் வாரத்தில் தொலைநோக்கி நேரம் கேட்பவர்களின் வரிசை நீளமாக இருக்கும். வேறு சிறுகோள்களின் ஒளி ஏற்ற இறக்கத்தை அளந்து சுழற்சிக் காலம் கணித்த இரண்டு மூன்று முடிவுகளாவது கையில் இருந்தால்தான் நேரம் ஒதுக்கும் குழு நம் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்த அளவீடுகளைச் சிறிய தொலைநோக்கியில் செய்துவிட முடியும் என்பதால், அதற்கான இரவுகளை 2027க்குள் முடித்துக்கொள்ளத் திட்டமிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களைக் கணக்கிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள்.